பரவாயில்லை என்கிற மதிப்பெண்

எங்கள் துறையை மதிப்பாய்வு செய்ய மூன்று பேர் வந்தார்கள். மூவரும் வெளியாட்கள். இரண்டு நாள் இருந்தார்கள், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார்கள், போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். கெட்டவர்களாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

நான் தொடர்கல்வித் துறையின் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. மாலை வகுப்புக்கு அறை பிடிப்பது, பூட்டிக் கிடக்கும் அறைக்குச் சாவி தேடி அலைவது, வராத ஆசிரியருக்குப் போன் போடுவது, பாதியில் நின்றுவிடப் பார்க்கிற மாணவர்களைக் கெஞ்சியோ மிரட்டியோ திரும்ப இழுத்து வருவது, இவைதான் வேலை. எங்கள் மாணவர்கள் யாரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு, சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வருகிறவர்கள். ஆஸ்பத்திரி உதவியாளர், கிடங்குக் காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அம்மா, இப்படி. பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளை. பகல் துறைகளுக்குக் கண்ணாடிக் கட்டடம் கொடுத்தார்கள். எங்களுக்கு வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் தரைத்தளத்தில் மூன்று அறை. ஒன்றில் ஜன்னலை மூட முடியாது, இன்னொன்றில் திறக்க முடியாது. மூன்றாவதில் ஜன்னலே இல்லை, அதுதான் என் ஆபீஸ்.

அங்கேதான் என் அத்தானும் படித்தார். அக்காவின் கணவர். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஒரு கண்ணில் பார்வை மங்க ஆரம்பித்ததும், இனிமேல் பெரிய வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அவரை உடனே வெளியே தள்ளவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்கள். நேர அட்டவணைப் பிரிவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எதில் ஏற வேண்டும் என்று போடுகிற வேலை, அதை உங்களுக்குத் தருகிறோம், ஆனால் அதற்குப் போக்குவரத்து நிர்வாகச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்கள் துறை தருகிற சான்றிதழ்தான். மாலை வகுப்பு, இரண்டு வருடம். அதுவரை டெப்போ வாசலில் நின்று, உள்ளே வருகிற வண்டிகளைக் குறித்து வைக்கிற தற்காலிக வேலை. படிப்பை முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

மதிப்பாய்வு வந்தபோது அவர் முதல் வருடத்தை முடித்திருந்தார். இன்னும் ஒரு வருடம் அந்த வகுப்பு ஓட வேண்டும். நாங்கள் உலகத்திடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு உலகத்தில் எதையும் பாராட்டத் தெரியாது, எதையும் குறை சொல்லவும் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை வைத்திருந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பார். காலில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்றாலும் பரவாயில்லைதான். கல்யாணமான புதிதில் அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்று எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். பரவாயில்லை என்றிருக்கிறார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பல நாள் பேசவில்லை. அப்புறம்தான் ஒருநாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது, எங்க அம்மா ரொம்பப் பரவாயில்லைங்க என்று குரல் கம்மச் சொன்னதைக் கேட்டு அவளுக்கு விஷயம் விளங்கியது. அந்த மனிதரிடம் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. குரலை வைத்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும். அக்கா பிடிக்கக் கற்றுக்கொண்டாள், நானும்.

வகுப்பில் அவர் முதல் வரிசையில் உட்காருவார், கண்ணுக்காக. கம்ப்யூட்டரை முதல் மாதம் தொடவே பயந்தார். அப்புறம் இரண்டு விரலால் தட்டித் தட்டி, பஸ் ஓட்டுகிற மாதிரியே நிதானமாக, யாரையும் இடிக்காமல் முன்னேறினார். பரீட்சையில் முதலாவதாக வந்தார். பல்கலைக்கழக வளாகத்துக்குள் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வெளியே வாசலைத் தாண்டியதும் வாயாடி என்பார், அது என் சின்ன வயதுப் பெயர். நான் அவருக்கு மச்சினி என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை என்பதும் தெரியும். ஊரறிந்த விஷயத்தை யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது என்று நானும் விட்டுவிட்டேன்.

படிப்பு எப்படிப் போகிறது அத்தான் என்று ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். நெஞ்சில் புத்தகத்தை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பரவாயில்லைம்மா என்றார். அந்தப் பரவாயில்லையில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மதிப்பாய்வு என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் இயக்குநருக்குக் கை கால் ஓடவில்லை. புதிதாக வந்த துணைவேந்தருக்குச் செலவு குறைய வேண்டும், எதையாவது மூட வேண்டும், ஆனால் நான் மூடினேன் என்று பெயர் வரக்கூடாது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்து மூடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். இது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இயக்குநர் பயந்தார். பயந்தவர் உருப்படியாக ஏதாவது செய்திருக்கலாம். சுவருக்கு வெள்ளை அடித்தார், வாடகைக்குப் பூந்தொட்டி கொண்டுவந்து வைத்தார். மூட முடியாத ஜன்னலுக்குத் திரை போட்டார்.

குழு மாணவர்களைத் தனியாகச் சந்திக்கும், ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள் என்று கடிதத்தில் இருந்தது. நான் முதலில் சொன்னது ஆம்புலன்ஸ் அம்மாவை. அவள் வாயைத் திறந்தால் கட்டடமே கேட்கும். இந்தப் படிப்பு நின்றால் யார் யார் பிழைப்பில் மண் விழும் என்று பட்டியல் போட்டுச் சொல்லக்கூடியவள். இயக்குநர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். அவள் ஜன்னலைப் பற்றியும் பேசுவாள், வராத ஆசிரியரைப் பற்றியும் பேசுவாள், மானம் போய்விடும் என்றார்.

"உங்க அத்தானைப் போடுங்க. தங்கமான மனுஷன்."

"சார், அவர் பேசவே மாட்டாரு."

"அதாம்மா நமக்கு வேணும்."

நான் விடவில்லை, சண்டை போட்டேன். நீங்க உறவுக்காரங்கறதால கூச்சப்படுறீங்க என்று அதற்கு ஒரு விளக்கம் கொடுத்து அவர் பேச்சை முடித்துவிட்டார். ஐந்து பேரும் அமைதியான ஆட்கள். பொறுக்கி எடுத்த முத்துக்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, ஆளைத் தயார் பண்ணுவோம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்தாள், அத்தானுடைய கண்ணாடியையே மூக்கில் மாட்டிக்கொண்டு குழுத் தலைவர் மாதிரி. குரலை வேறு கனமாக மாற்றிக்கொண்டாள். இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு என்று கேட்டாள். அத்தான் சிரித்தார். சிரிக்காமல் சொல்லுங்கள் என்று அதட்டினாள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணு போயிடுச்சுங்க, வண்டி ஓட்ட முடியாது, இந்தப் படிப்பை முடிச்சாத்தான் எனக்கு வேலைங்க என்று அழகாகச் சொன்னார். அக்கா கைதட்டினாள். இதையே அங்கேயும் சொல்லுங்கள், கூட ஒரு வார்த்தை வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அவருக்கே மாட்டிவிட்டாள். அன்று அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

குழுத் தலைவர் நரைத்த தலை, தணிந்த குரல். கூட வந்தவர்களில் ஒரு பேராசிரியை, எதைக் கேட்டாலும் குறித்துக்கொண்டே இருந்தார். மூன்றாமவர் ஒரு கம்பெனி அதிகாரி, தொழில்துறையின் சார்பில். மாணவர்களைச் சந்திக்கும்போது துறை ஆட்கள் யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான், நான் இருந்தாலும் அதைத்தான் வைப்பேன். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் ஆளாக உள்ளே போனார். தலைவரே கதவுவரை வந்து கைகொடுத்து அழைத்துப் போனதைத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன். மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

வெளியே வந்தவரைத் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடக்கினேன். நல்லபடியாகப் போனது, அருமையான மனிதர்கள் என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"என்ன கேட்டாங்க அத்தான்?"

"படிப்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. பரவாயில்லைங்கன்னேன்."

"அப்புறம்?"

"ஒருவேளை இதை நிறுத்தற மாதிரி ஆச்சுன்னா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமான்னாங்க."

"அதுக்கு?"

"பரவாயில்லைங்க, பாத்துக்கலாம்னு சொன்னேன்."

நான் கையில் வைத்திருந்த காகிதக் கோப்பையை நசுக்கிவிட்டேன். தேநீர் என் கையில் கொட்டியது. அவர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்து என் கையைத் துடைத்தார். வீட்டில் அவ்வளவு அழகாகச் சொன்னீர்களே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாக்கு வரைக்கும் வந்துச்சும்மா. ஆனா அவ்வளவு பெரிய மனுஷர் கதவு வரைக்கும் வந்து என்னைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சாரு. அவர்கிட்டப் போய் என் கஷ்டத்தை எப்படி இறக்கி வெக்கறது? மரியாதையா இருக்காதில்ல?"

மற்ற நான்கு பேர்? அவர்களும் அண்ணன் சொன்னதுதான் எங்களுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவர், வயதில் மூத்தவர், அவர் ஒன்று சொல்லி நாங்கள் ஒன்று சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று காவலாளி என்னிடம் பிறகு விளக்கினார். நாசமாய்ப் போன நாகரிகம். ஐந்து பேரும் சேர்ந்து தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, கை கூப்பிவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை, கடைசிக் கூட்டத்துக்கு முன்னால், விருந்தினர் விடுதியின் வரவேற்பறையில் குழுத் தலைவரைப் பிடித்தேன். நான் அப்படிப் போயிருக்கக்கூடாது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். வீடு பற்றி எரியும்போது நல்ல நேரம் பார்த்துக்கொண்டா தண்ணீர் ஊற்றுவார்கள்? அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் மூச்சுவிடாமல் பேசினேன். அந்த வார்த்தையை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது, எங்கள் மாணவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அவர்களுக்குத் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வராது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க அப்பாவும் அப்படித்தாம்மா. சாகறப்போகூட வலிக்குதாப்பான்னு கேட்டேன், பரவாயில்லைன்னுதான் சொன்னாரு. எனக்குத் தெரியும்."

எனக்கு உயிர் வந்தது. தெரிஞ்சுதுன்னா அதையே எழுதுங்க சார் என்றேன்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மாணவர் கருத்தைப் பதிய ஒரு அளவுகோல் இருந்தது. மிகச் சிறப்பு, நன்று, பரவாயில்லை, மோசம். மேலிருந்து மூன்றாவது படி. எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல்தான், எங்களுக்கு மட்டும் வேறு வைக்க முடியாது.

"சார், அவர் வீட்ல அதுதான் முதல் படி."

"புரியுதும்மா. ஆனா நான் புரிஞ்சுக்கிட்டதை எழுத முடியாது. அவங்க சொன்னதைத்தான் எழுத முடியும். இல்லைன்னா மதிப்பாய்வுக்கே அர்த்தமில்லை." தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "அவர் வீட்லன்னு சொன்னீங்களே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அத்தான் என்றேன். அவர் முகம் மாறவில்லை, குரல் மட்டும் இன்னும் தணிந்தது. இதை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் இல்லையா என்றார். துறையில் எல்லோருக்கும் தெரியும் என்றேன். எங்களுக்குத் தெரியாதே என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எழுந்து நின்று என்னை வழியனுப்பினார், கதவுவரை வந்து.

அறிக்கை வர ஒன்றரை மாதம் ஆனது. அவ்வளவு மரியாதையான அறிக்கையை நான் படித்ததில்லை. ஊழியர்களின் அர்ப்பணிப்பைப் பாராட்டியிருந்தார்கள். பூந்தொட்டிகளைக்கூட, கற்றலுக்கு உகந்த சூழல் என்று. அப்புறம் விஷயத்துக்கு வந்தார்கள். போக்குவரத்து நிர்வாகச் சான்றிதழை மாணவர்கள் ஓரளவு திருப்தி தருவதாகவே கருதுகிறார்கள். நிறுத்தப்பட்டால் தங்களுக்குப் பெரிய பாதிப்பு இராது என்றும் அவர்களே தெரிவித்தார்கள். மேலும், ஒருங்கிணைப்பாளர் மாணவர் ஒருவரின் நெருங்கிய உறவினர் என்பதும், அந்த மாணவரே வகுப்பில் முதலிடம் பெறுபவர் என்பதும் சந்திப்புக்குப் பிறகே குழுவின் கவனத்துக்கு வந்தது. இந்தப் பருவத்துடன் வகுப்பை முடித்துக்கொள்ளலாம். தொடர விரும்பும் மாணவர்கள் பகல் நேரத் துறைக்கு மாறிக்கொள்ளலாம்.

பகல் நேரத் துறையாம். பகலில் வேலைக்குப் போகிறவனிடம், பகலில் வந்து படி என்கிறார்கள். அத்தான் டெப்போ வாசலை விட்டுவிட்டுப் பகலில் வகுப்புக்குப் போனால், எந்த வேலைக்காகப் படிக்கிறாரோ அந்த வேலையே அங்கே காத்திருக்காது. இதை நான் இயக்குநரிடம் சொன்னேன், பதிவாளரிடம் சொன்னேன், துணைவேந்தரின் செயலாளர் வரைக்கும் போய்ச் சொன்னேன். கம்பெனியிலும் போய்க் கேட்டேன். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். வெளி நிபுணர்கள் சொன்னதை நாங்கள் எப்படி மீறுவது என்று துணைவேந்தர் தரப்பில் கை கழுவிவிட்டார்கள். அந்த வகுப்போடு எங்கள் துறையையும் கலைத்தார்கள், இயக்குநருக்கு வேறு துறையில் நல்ல இடம் கிடைத்தது. என்னைத் தர மேம்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்து எந்தெந்தத் துறையை மதிப்பாய்வு செய்வது என்று ஏற்பாடு பண்ணுகிற பிரிவு அது. கண்ணாடிக் கட்டடத்தில், நன்றாகத் திறந்து மூடுகிற ஜன்னலோடு எனக்கு ஒரு மேஜை. காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை, சம்பளம் வேண்டுமே. பிழைப்பு அப்படி.

வகுப்பு மூடப்படும் செய்தி பரவியதும் ஆம்புலன்ஸ் அம்மா என்னைத் தேடி வந்து கூச்சல் போட்டாள். என்னை ஏன் உள்ள விடலை, ஏன் விடலை என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் உங்கள் பெயரைத்தான் சொன்னேன் என்றால் நம்புவாளா? கடைசியில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் நான் முழுவதையும் சொல்லவில்லை. வகுப்பை மூடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். யார் சொல்லி மூடினார்கள் என்று கேட்டாள். மேலிடத்து முடிவு என்றேன். ஆனால் அறிக்கையைப் பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டிருந்தார்கள். அத்தானுக்கு இணையதளத்தில் தேடத் தெரியும். நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். நல்ல கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்திருக்கிறார்.

டெப்போவில் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அவர் என் புதிய ஆபீசுக்கு வந்தார். அன்றைக்குப் போட்ட அதே சட்டை, இஸ்திரி இல்லாமல். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், அந்த மூணு பேரைப் பாக்கணும்மா என்றார்.

அவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன்.

"அதுல போட்டிருக்கறது நான் சொன்னதுதானே? பெரிய பாதிப்பு இராதுன்னு."

"நிறைய பேர் சொன்னதைச் சேர்த்து எழுதியிருக்காங்க அத்தான். நீங்க மட்டும் இல்லை."

"நான் சொல்லித்தானே அவங்க சொன்னாங்க."

இத்தனை வருடமாக வாயாடி என்று பெயர் எடுத்து என்ன பிரயோஜனம். அவர் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா. நான் சரியா சொல்லிடறேன்."

கம்ப்யூட்டரில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? அவர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. காலையில எழுந்தா போறதுக்கு இடம் இல்லைங்க. என் சம்சாரம் ஒண்ணும் கேக்கறதில்லை, அது அதைவிடக் கஷ்டமா இருக்கு. அந்தக் கிளாஸ்ல உக்காந்திருந்தப்போதான் நான் இன்னும் எதுக்கோ உதவுவேன்னு தோணுச்சு. நான் நல்லா படிச்சேங்க. மார்க் நானா வாங்கினது, யாரும் போட்டுக் குடுக்கலை. எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும். என் கூடப் படிச்சவங்களுக்கும் வேணும். நான் அன்னைக்குச் சொன்னதைக் கணக்குல எடுத்துக்காதீங்க, எனக்குப் பேசத் தெரியாதுங்க.

அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் அடித்தேன். முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். சரியாக இருக்கிறது என்றார். கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தேன். பேனாவை வாங்கி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, கீழே தன் பெயரை நிதானமாக எழுதினார்.

"இதை அவங்களுக்கு அனுப்பிடுவல்ல?"

"அனுப்பறேன் அத்தான்."

"பாத்தா மாத்திடுவாங்கல்ல?"

குழு கலைந்துவிட்டது, அறிக்கையை ஆட்சிக்குழு ஏற்றாகிவிட்டது, மூன்று அறைகளையும் சாமான் போட்டுவைக்கப் பகல் துறை ஒன்றுக்குக் கொடுத்தாகிவிட்டது. மாணவர் தரப்பிலிருந்து பிறகு வரும் கருத்துகளைச் சேர்க்க எந்த விதியும் இல்லை என்று அந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

மாத்துவாங்க அத்தான் என்றேன்.

அவர் எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு, என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாகன நிறுத்தத்தைக் கடந்து, வேகமாக, கையை வீசிக்கொண்டு நடந்துபோனார்.

நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனேன். அவர் படித்தார், உச் கொட்டினார், திருப்பிக் கொடுத்தார். குழுத் தலைவருக்கு மெயில் அனுப்பினேன். மதிப்பாய்வு நிறைவுற்றதால் இது தொடர்பாகப் பதிலளிக்க இயலாத நிலையில் இருக்கிறேன், மன்னிக்கவும் என்று அன்றைக்கே பதில் போட்டிருந்தார். அவர் மரியாதையில் மட்டும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரல் பழைய குரலாக இருந்தது.

"ஏய், நீ எல்லாத்தையும் சரி பண்ணிட்டியாமே? அவர் வந்து சொன்னாரு. வந்ததுலேர்ந்து உக்காந்து நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுட்டு இருக்காருடி. கிளாஸ் என்னைக்கு ஆரம்பிக்குதுன்னு உன்கிட்டக் கேக்கச் சொல்றாரு."

பின்னால் காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. தேதி சரியாகக் கேட்டு எழுதிக்கொள் என்று அவர் அவளிடம் சொல்வதும் கேட்டது.

கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றேன்.